தாத்தா எங்கிருந்தாலும் வரவும்

கலகெதர
02.07.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பார்க் கதையை எடுத்தாலே "கறி அடிப்பிடிக்குது புள்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்!

அடுத்த மாதம் ஹம்னாவின் வகுப்புப் பிள்ளைகள் கொழும்புப் பக்கத்து விளையாட்டுப் பார்க்குக்குப் போகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கூடப் போக வேண்டும். எனக்கு அன்றைக்குப் பரீட்சை வேலை. மகள் "பெரியும்மாவோடதான் போவேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

நாம் சின்ன வயதில் அங்கே போன மாதிரி இல்லை இப்போது. அன்றைக்கு விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு, ஒரே வேனில் பதினேழு பேர், சட்டி நிறையப் புரியாணி, பாய் எல்லாம் அடைத்துக்கொண்டு போனோம். இப்போது வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் போனிலேயே வருகிறது. பிள்ளையின் கையில் பட்டி கட்டி, நம்முடைய நம்பரை எழுதிவிடுவார்களாம். நான் தொலைந்த மாதிரி இனி யாரும் தொலைய முடியாது! வாப்பா இன்னும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்.

மறுக்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
ரிப்கா

*

கட்டுகஸ்தோட்டை
09.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் போக மாட்டேன். ஏன் என்று சொல்லாமல் இருக்கவும் இனி முடியாது.

வாப்பா சொல்லும் கதை உனக்கு மனப்பாடம். ஐந்து வயதுக்காரி நீ, தொலைந்துபோய், பார்க் ஆட்களிடம் "தாத்தாவோட வந்த" என்றாய். நமக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. சிங்களத்தில் அப்பா. அவர்களும், ஒரு பிள்ளை அப்பாவைத் தேடுகிறது, எங்கிருந்தாலும் வரவும் என்று ஸ்பீக்கரில் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். வாப்பாவோ கடையை விட்டு அந்தப் பயணத்துக்கே வரவில்லை. உம்மாமார் தூரத்தில் பாய் விரித்து, நீ என்னோடு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இருந்தார்கள்.

ரிப்கா, ஸ்பீக்கரில் நடுவில் உன் அழுகையும் கேட்டது. உன் குரல் எனக்குத் தெரியாதா? பதினான்கு வயது எனக்கு. ஆடும் கப்பலுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நான்கு பேர்தான். "அப்பாவத்தானே தேடுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். கப்பலில் சிரிக்கவும் செய்தேன். இறங்கிய பிறகும் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தேன்.

உம்மா கேட்டபோது, "அப்பாவத் தேடுறாங்கண்டு நெனச்சேன்" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் இருபத்தாறு வருடம் ஒளிந்திருந்தேன். அல்லாஹ்வுக்காக என்னை மன்னித்துவிடு. என்னை நம்பிப் பிள்ளையை அனுப்பாதே.

இன்ஷிரா

*

கலகெதர
14.07.2025

அன்புள்ள தாத்தா,

ஸலாம். உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன். அழுதேன். கோபமும் வந்தது, அதை ஏன் மறைக்க?

என்னை வைத்திருந்த அறையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. கப்பல் வரிசை அதில் தெரியும். நான் அழுததும் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு வரிசையிலேயே ஓர் அடி முன்னால் போனீர்கள்.

வாப்பா சிரிக்கும்போதெல்லாம் நானும் சிரித்தேன், இன்றைக்காவது சொல்வீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. ஹம்னாவோடு உங்களைப் போகச் சொன்னதும் சும்மா இல்லை. மன்னிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவளோடு வரும் பெரியவர் என்று உங்கள் பெயரை டீச்சரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் கூப்பிட்டால் ஓடுங்கள், தாத்தா. எனக்கு அது போதும்.

ரிப்கா