சுவரோடு சேர்ந்த அலமாரி

அம்மு,

வீடெல்லாம் பலகை வாசனை. பின்பக்க ரூமில் ஆசாரி தட்டு அறுத்துக்கொண்டிருக்கிறார். நீ கேட்ட அலமாரிதான். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆன பிறகு வருகிறது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதை நான் எழுதப் போவதில்லை. அலமாரியைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

அந்த ரூமை அப்பா கட்டியபோது நீ எட்டாவது. சென்ட்ரிங் வேலைக்குப் போய் ஊரார் வீட்டுக்கெல்லாம் தளம் போட்டவருக்கு, நம் வீட்டில் ஒரு ரூம் எழுப்ப அத்தனை வருஷம் ஆனது. பிள்ளைங்க ரூம் என்று நீயே பேர் வைத்தாய். ஒரு கட்டில், ஒரு ஃபேன், குறுக்கே ஒரு நைலான் கயிறு. உன் துணியும் சின்னவள் துணியும் அந்தக் கயிற்றில்தான். "ரூமாம்மா இது? இஸ்திரிக் கடை மாதிரி கீது" என்பாய்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, உனக்குப் பை வாங்க உத்திரமேரூர் பஜாருக்குப் போனோமே, பை வாங்கி முடித்ததும் நான் பீரோ கடையில் நின்றுவிட்டேன். எனக்குப் பீரோ மேல் ஒரு ஆசை. என் அம்மா வீட்டில் எனக்குக் கொடுத்து அனுப்பியது ஒரு தகரப் பெட்டி. உனக்காவது கண்ணாடி வைத்த பீரோவாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, தட்டித் தட்டிப் பாத்துக்கினு கீற? தர்பூசணியா அது?"

"தகடு கெட்டியா கீதான்னு பாக்கறேன்டி. நாளைக்கு உன்கூட வர்ற சாமான்."

"எங்க வருது?"

"நீ கட்டிக்கினு போற வூட்டுக்கு. சீர் வைக்கும்போது கேப்பாங்க இல்ல?"

நீ கண்ணாடியில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு கேட்டாய், "அப்போ நம்ம வூட்ல என்னுதுன்னு இன்னா இருக்கும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். உன்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் நீ விடவில்லை. "செவுத்துலயே கட்டச் சொல்லும்மா. எனக்கு ஒரு கதவு, தங்கச்சிக்கு ஒரு கதவு. செவுத்தப் பேத்து எவனும் வண்டில ஏத்த முடியாதுல்ல? நான் பொங்கலுக்கு வந்தா என் கதவத் தொறப்பேன். என் சாமான் அப்படியே இருக்கணும்."

"வந்தா நாலு நாள் இருப்ப. அதுக்கு ஒரு அலமாரியா?"

"ஆமா."

முன்சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு 'ஆமா'.

நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அம்மு. ஏரிக்குப் பக்கத்து ஊர், சுவரில் ஈரம் ஏறும், பலகை வைத்தால் கரையான் வரும். இரும்புப் பீரோ என்றால் நகர்த்திப் போட்டுத் துடைக்கலாம். அப்பா நடுவில் மாட்டிக்கொண்டு, "செவுரு காயட்டும், பாக்கலாம்" என்றார். சுவர் காய்வதற்குள் மழை வந்தது. மழையோடு காய்ச்சல் வந்தது.

உன் துணியை எல்லாம் ஏரியில் விட்டுவிடச் சொன்னார்கள். நீ கடைசியாகப் போட்டிருந்ததை விட்டேன். மற்றது கயிற்றிலேயே இருந்தது. உன் போட்டோவுக்கு மாலை போட அப்பா விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டமாக எடுத்த படம்தான் டிவி பக்கத்தில் இருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் நீ டியூஷனுக்குப் போயிருக்கிறாய் என்று நினைப்பார்கள்.

இந்த வருஷம் சின்னவள் உன் நீலச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சரியாக இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும், ரெடிமேடாக ஒரு பீரோ வாங்கிப் போட வேண்டும் என்று. ஒருத்திக்கு ஒரு பீரோ போதும். அவள் போகும்போது அவளோடு போகட்டும். அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இன்றைக்குக் காலையில் வாசலில் லோடு ஆட்டோ வந்து பலகை இறங்குகிறது. பெருநகர் ஊர்க்கார ஆசாரி, நம்மைத் தெரியாதவர். "ரெண்டு பொண்ணுங்களுக்கும் தனித்தனிக் கதவுன்னு அண்ணன் சொன்னாரும்மா" என்கிறார்.

அப்பாவைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "இன்னாயா சொல்லி வச்சிக்கீற அவர்கிட்ட?"

"எத்தினி பொண்ணுன்னு கேட்டாரு. ரெண்டுன்னேன்."

"இன்னாயா இது…"

"எவன் கேட்டாலும் அதான் சொல்றேன். வேலைக்குப் போற எடத்துலயும் அதான் சொல்றேன். ஒண்ணுன்னு சொல்ல வாய் வரமாட்டுது."

"காலியா கீற கதவ நான் தெனமும் பாக்கணுமா?"

"ஏன் காலி? அதோட துணி கீதுல்ல? நீ சொல்ற பீரோவுல அதுக்கு எங்க எடம்?"

முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். எனக்குக் கோபம். அவர் தெருமுனை திரும்பட்டும், ஒரு கதவு போதும், மீதிப் பலகையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுவது என்றுதான் ரூமுக்குள் போனேன்.

ஆசாரி சின்னவளைச் சுவரோரம் நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி டேப் பிடித்துக்கொண்டிருந்தார். துணி மாட்டுகிற கம்பி அவள் கைக்கு எட்ட வேண்டுமாம். "கடைல வாங்கறதுல இது வராதும்மா. அவன் வச்ச எடத்துலதான் கம்பி. வளர்ற புள்ளைங்க, நாம பாத்து வச்சிக்கலாம்" என்றார். அவளுக்கு ஒரு கோடு போட்டார். பிறகு பக்கத்தில் நகர்ந்து, "பெரிய பாப்பா இஸ்கூல் போய்க்கீதா? அது எவ்ளோ ஒசரம் இருக்கும்?" என்றார்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அக்கா என்னவிட ஒசரம்."

ஒரு கதவு போதும் என்று அதற்கப்புறம் எப்படிச் சொல்வேன்? "ரெண்டும் போடுங்கண்ணா" என்றேன். "ஒசரம் சொல்லும்மா" என்றார். கையைத் தூக்கினேன். கை என் தோளுக்கு வந்து நின்றது. அது நீ போனபோது இருந்த உயரம். சின்னவளே இப்போது அங்கே வந்துவிட்டாள். அவளைவிட நீ உயரம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கையைக் கீழே போட்டுவிட்டேன். "சரி, தட்டெல்லாம் அறுக்கறேன், யோசிச்சிச் சொல்லு" என்று அவர் வேலையைப் பார்க்கிறார். உன் கதவுக்குள் மட்டும் இன்னும் கோடு போடவில்லை.

இனி யார் கேட்டாலும் நானும் ரெண்டு என்றே சொல்வேன். அது எனக்கு வந்துவிடும். இது ஒன்றுதான் தெரியவில்லை. இப்போது நீ என் காது வரைக்கும் வந்திருப்பாயா, அம்மு, இல்லை என்னையும் தாண்டி வளர்ந்திருப்பாயா?