சுண்ணம் பூசுவதற்கு முன்

ஆன்ட்வெர்ப்,
1512 அக்டோபர் 4

அன்புள்ள லெய்ஸ்பெத்துக்கு,

நான் நலம். அண்ணன் வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், ஆனாலும் கேட்கிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது.

கடல் தாண்டி வடக்கே ஒரு கோயிலின் பலிபீடத்துக்கு மரச் சிற்பப் பெட்டி செய்கிறேன். சிலுவையடியில் நிற்கும் கூட்டத்தில் ஒரு சாண் உயரச் சிறுமி. அவளுக்கு நம் நேல்கெனின் முகத்தை வைக்க நினைத்தேன். கை ஓடவில்லை. மத்தியானம் மரச்சீவல் மேல் கண்ணயர்ந்தால் அவள் வருகிறாள். அந்தப் பெட்டிக்குள் ஏறி, நான் செதுக்கிய மரக் குதிரைகளுக்கு நடுவே நுழைந்து போகிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, பின்னங்கழுத்து மட்டும் தெரிகிறது. செத்துப்போன மகளின் முகம் எனக்கு மறந்துவிட்டது, லெய்ஸ்பெத்.

ஓவியர் சுண்ணம் பூசிப் பொன் ஒட்டுவதற்குள் வந்து அவள் முகம் எப்படி இருந்தது என்று சொல். வந்தால் இங்கேயே இருந்துவிடு.

உன்
யோஸ்

மெக்கலன்,
அக்டோபர் 9

மதிப்புக்குரிய கணவருக்கு,

சாப்பிடுகிறேன். அண்ணி வைக்கும் உப்பில்லாத பட்டாணிக் கஞ்சியையும் சாப்பிடுகிறேன்.

மறந்துவிட்டது என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? மூன்று நாள் காய்ச்சலில் அவள் உங்களைத்தான் கேட்டாள். படியில் நின்று கூப்பிட்டேன். "இந்த ஒரு மடிப்பு மட்டும் முடிச்சிட்டு வர்றேன்" என்றீர்கள். எந்தப் புனிதரின் மேலங்கியோ அது! பார்க்காத முகம் எப்படி நினைவிருக்கும்?

இடது புருவம் சற்று ஏறியிருக்கும். ஒரு காது விடைத்திருக்கும். கீழுதடு கொஞ்சம் தடிப்பு. போதுமா? நான் வரமாட்டேன்.

லெய்ஸ்பெத்

ஆன்ட்வெர்ப்,
அக்டோபர் 27

அன்புள்ள லெய்ஸ்பெத்துக்கு,

நீ சொன்னபடியே செதுக்கினேன். போன வாரம் சிற்பிகள் சங்கத்துப் பெரியவர்கள் மரம் பார்க்க வந்தார்கள். காய்ச்சிய இரும்பால் ஒவ்வொரு உருவத்தின் தலையிலும் சங்கத்தின் கை வடிவ முத்திரை இட்டுக்கொண்டே வந்தவர்கள் அவளிடம் நின்றுவிட்டார்கள். முதுகில் விரலகலத்துக்கு வைரம் பாயாத வெள்ளை மரம். அது சங்கத்தில் ஆகவே ஆகாது.

"முப்பது வருஷமா ஓக் மரத்தோட பழகுற. இது உன் கண்ணுக்குத் தெரியலையா, யோஸ்?" என்று கேட்டார் தலைவர் வவுட்டர்.

தெரியும். தெரிந்துதான் அந்தக் கட்டையை எடுத்தேன். முத்திரை விழுந்தால் அவள் கப்பலேறிவிடுவாள். இன்னொரு முறை அவளை அனுப்பிவைக்க என்னால் ஆகாது. கண் மங்கிவிட்டது என்று சொல்லித் தலைகுனிந்தேன். அடுப்பில் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் இடத்துக்கு நல்ல மரத்தில் வேறொரு சிறுமியைச் செய்துவிட்டேன். இவளைத் துணியில் சுற்றிப் படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். முகம் சரிதானா என்று மட்டும் எழுது.

யோஸ்

மெக்கலன்,
கல்லறைத் திருநாள்

அன்பு யோஸுக்கு,

துணியைப் பிரித்ததும், அப்படியே நேல்கென்தான் என்று அண்ணி அழுதாள். அவள் நேல்கெனைப் பார்த்தது இரண்டே முறை. எனக்கு அழுகை வரவில்லை. பகல் முழுவதும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரென்றே தெரியவில்லை.

புருவம், காது, உதடு எல்லாம் நானாக எழுதியது. எனக்கும் மறந்துவிட்டது, யோஸ். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டீர்களே என்றுதான் அத்தனை கோபம். பெற்றவள் நான் எந்த வாயால் சொல்வேன்?

வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். இவளையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். யார் பிள்ளையோ தெரியாது. நம்மை விட்டால் இவளுக்கு யாருமில்லை.

உங்கள்
லெய்ஸ்பெத்