உனக்காக நான் வெட்டி எடுத்த செய்தி

அக்கா,

இன்று நூலகத்தில் பழைய நாளிதழ்களை எடைக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் உதவப் போனேன். ஓர் இதழின் முதல் பக்கத்தில் சதுரமாக ஓட்டை. யாருக்கும் தெரியாமல் நான் பிளேடால் வெட்டியது. அதன் ஏழாம் பக்கத்தை இன்றுதான் புரட்டினேன்.

கீழ்பென்னாத்தூரில் உன் மாமியார் வீட்டு ஸ்டவ் வெடித்து, தாடை நெஞ்சோடு ஒட்டிப்போய் எங்களிடமே திரும்பி வந்துவிட்டாய். நம் ஊர் மலையை நிமிர்ந்து பார்க்கக்கூட உன்னால் முடியாது. வாய் மூடாது. சாப்பிடும்போதெல்லாம் புரையேறும். “எவனோ என்னை நெனைச்சுக்கிட்டே கீறான் பாரு” என்று நீயே கேலி செய்வாய்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டில் ஒரு பெண்ணுக்கு, இறந்தவரின் மூக்கையும் உதட்டையும் தாடையையும் எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

“நிஜமாவாடி? உன் கதை புஸ்தகத்துல வந்ததில்லையே?”

“பேப்பர்லயே போட்டிருக்குக்கா.”

“யாரோட மூக்கா இருந்தா என்ன, மூக்குத்தி நின்னா போதும்.”

அன்று நீ சிரித்தாய்.

அந்த மாதமே, வாய் மூடிப் புரையேறாமல் நீ விழுங்க, உன் கழுத்தை விடுவிக்கும் அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நாள் குறித்தார். அம்மா பையை எடுத்து வைத்தாள். நீ கிளம்பவில்லை.

“தொடைத்தோலை உரிச்சு ஒட்டு போடவா? மூஞ்சியே மாத்தறாங்களாம். அது மெட்ராசுக்கு வரட்டும்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “படிக்கிறவ நீ, சொல்லுடி.”

“வந்துடும்மா. வெயிட் பண்ணலாம்” என்றேன். அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் சொன்னால் நம் வீட்டில் மறுபேச்சு இல்லை.

எட்டு மாதம் காத்திருந்தாய். புரையேறிய கஞ்சி நுரையீரலில் இறங்கிக் காய்ச்சல் கண்டது. நான்கே நாள்.

ஏழாம் பக்கத்தில் மீதிச் செய்தி இருந்தது. பொருத்திய முகத்தை உடல் ஏற்காமல் போகலாம். ஆயுள் முழுக்க மாத்திரை. மற்ற அறுவைகள் கைகொடுக்காதவர்களுக்கே இது. அதுவும் முதல் முயற்சிதான். மொத்தம் நான்கு பத்தி. படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை அக்கா.

உன்னைத் தூக்குமுன், “மூஞ்சி பாக்கறவங்க பாத்துக்குங்க” என்று குரல் கொடுத்தார்கள். அம்மா துணியை விலக்க விடவில்லை. “இத்தினி நாளா யாருக்கும் காட்டாம இருந்தா. இப்ப எதுக்கு?” என்றாள். நான் மட்டும் அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு விலக்கிப் பார்த்தேன்.

கூடத்தில் உன் கல்யாணப் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் எவ்வளவு அழகு என்கிறார்கள். அந்தப் போட்டோவில் இருக்கும் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. துணிக்கடியில் பார்த்த முகம்தான் என்னிடம் இருக்கிறது. தினமும் அதனிடம்தான் மன்னிப்புக் கேட்கிறேன். ஏதோ சொல்ல வந்தது போல் வாய் திறந்தே இருக்கிறது.