மலையைச் சுற்றி வரும் பேருந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

இது என் கையெழுத்துதான். முன்பு எனக்கு வரும் கடிதங்களையெல்லாம் நீங்கள்தான் படித்துச் சொல்வீர்கள். நீங்கள் என்னோடு பேச்சை நிறுத்தியபின் ஆசிரியை கலியோப்பி நடத்தும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வரியை முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுத எழுத எனக்கே சிரிப்பு வருகிறது, அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் கரைக்குச் சாலை போட்டுவிட்டார்கள். பேருந்தும் வருகிறது. உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பவேண்டும் என்று ஓட்டுநர் மனூசோஸிடம் சொன்னேன்.

"ஏன் பெரியவரே, அந்த ஊரு இங்கேருந்தே எதிர்க்கரையில தெரியுதே! கடிதம் மலையேறி, ஹனியா டவுனுக்குப் போயி, மறுபடி மலை இறங்கணும். பேசாம இங்கேருந்தே கத்துங்க, கேக்கும்."

"கத்துனதெல்லாம் போதும்டா" என்றேன்.

கடல்வழியாக என் வாசலுக்கு வரமாட்டேன் என்று புனித நிக்கோலாவின் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தீர்கள். அன்றைக்கு இங்கே வர வேறு வழியே கிடையாது. இப்போது இருக்கிறது. சத்தியத்தை நீங்கள் மீறவேண்டாம். ஞாயிறு காலை உங்கள் ஊரில் ஏறி, ஹனியாவில் வண்டி மாறுங்கள். வளைவுகளில் தலைசுற்றும். ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

இறங்க மனம் வராவிட்டால் கடற்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். இங்கே வண்டியைத் திருப்ப இடம் போதாது. மனூசோஸ் முன்னும் பின்னுமாக வெகுநேரம் திருப்புவான். அதுவரை நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உங்கள் தம்பி