வளைந்து தெரிந்த கட்டங்கள்

அன்பு மகள் மினோரிக்கு,

அம்மா யொனாகோவிலிருந்து எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் லிஸ்பனில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முழுதாக அப்படி எழுத முடியவில்லை. நாளைக் காலை எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மினோரி அவ்வளவு தூரத்தில் கிடந்து தவிப்பாள், முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார் அப்பா. இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், ஆனாலும் உன்னிடம் மறைத்து ஒருமுறை பட்டது போதும், அதனால் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஜூன் மழையில் மெத்தை விரிப்பெல்லாம் காயாமல் நாற்றமடித்தது, கிமியே நடத்தும், காசு போட்டுத் துவைக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, என்னோடு பள்ளியில் படித்தவள், வாய் ஓயாதவள். அவள் கடை அலமாரியில் வாடிக்கையாளர்கள் விட்டுப்போன பழைய மாங்கா படக்கதைப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். உலர்த்தும் இயந்திரம் சுற்றி முடிய நாற்பது நிமிடம். சும்மா ஒன்றை உருவினேன். பனி நாட்டில் தபால் கொண்டுபோகும் பெண்ணின் கதை, மொத்தம் இருபது புத்தகம். ஆமாம், பள்ளி நாளில் நீ விழுந்து விழுந்து படித்த அதே கதைதான். மெத்தை காய்ந்து ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து வயதில் மாதப் பத்திரிகை வந்தால் கடைவாசலில் நின்றே பாதியைப் படித்து முடிக்கும் பெண் நான், அதெல்லாம் கல்யாணத்தோடு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அறுபத்தேழு வயதில் வெட்கமில்லாமல் அழுக்கே இல்லாத துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு வாரம் மூன்று முறை போனேன். கிமியே, "அடியே ஹருயோ, இந்தத் துண்டைத் தோய்ச்சுத் தோய்ச்சு நூலாக்கிடுவ போலிருக்கே, பேசாம அந்தப் புத்தகத்தையெல்லாம் நாற்காலியோட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயேன்" என்று கேலி செய்தாள்.

எட்டாவது புத்தகம் படிக்கும்போதே படங்களைச் சுற்றிப் போட்ட கட்டங்களின் கோடுகள் நடுவில் வளைந்து தெரிந்தன. எனக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பெண் மனம் கலங்கும்போதெல்லாம் கட்டமும் கலங்குகிறது, வரைந்தவர் எவ்வளவு நுணுக்கமானவர் என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்தாவது புத்தகத்தில் அவள் மூக்கே காணாமல் போயிற்று. அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன் பார், உன் அம்மாவின் புத்திசாலித்தனம் அப்படி. பத்தொன்பதாவதை முடித்த அன்று இந்த அழகையெல்லாம் கிமியேயிடம் விளக்கப் போக, அவள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கோடுடி வளையுது? எல்லாம் அளவுகோல் வெச்சுப் போட்டாப்பல நேரா இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னவள் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு என்னை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இடது கண்ணுக்குள் பார்வையின் நட்டநடுவில் ஒரு ஓட்டையாம். டாக்டர் ஓனோ உன் வயதுதான் இருப்பாள். கட்டம் போட்ட அட்டையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டாள், நடுவில் நாலைந்து கட்டத்தைக் காணவே இல்லை. "கோடு வளைஞ்ச அன்னிக்கே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றாள். ஓட்டை பெரும்பாலும் மூடிவிடுமாம், பார்வை எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாதாம். வலது கண்தான் ஒன்பது வயதில் புத்தாண்டு விளையாட்டில் இறகுப்பந்து பட்டதிலிருந்து பேருக்கு இருக்கிறது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பயமாக இருக்கிறது மினோரி. மறைத்து என்ன ஆகப்போகிறது.

கண்ணுக்குள் வாயுவை நிரப்புவார்களாம். அது ஓட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒரு வாரம் இரவும் பகலும் குப்புறவே கிடக்க வேண்டுமாம். அதைக் கேட்டதும் உன் நினைவுதான் வந்தது. தரைவிரிப்பில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு நீ படிப்பாய். எழுந்து உட்கார்ந்து படி, கண் கெட்டுப்போகும் என்று தினமும் கத்துவேன். அப்புறம் நுழைவுத் தேர்வு வருகிறது என்று, நீ பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நீ சேர்த்துவைத்த பத்தொன்பது புத்தகத்தையும் கயிற்றால் கட்டி, ஒலிபெருக்கியோடு வரும் பழைய தாள் வண்டியில் போட்டேன். பதிலுக்கு வண்டிக்காரன் கழிவறைத் தாள் நாலு சுருள் கொடுத்தான். நீ அழவில்லை, சண்டை போடவில்லை, நான் தானம் கொடுத்ததாகச் சொன்ன பொய்யையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுருள் தீருகிறவரை பள்ளியில்தான் கழிவறைக்குப் போனாய், எனக்குத் தெரியும். செய்தது தப்பு மினோரி. நானே அதில் விழுந்து கிடந்தவள், எனக்குத் தெரிந்தே செய்தேன். இருபத்தாறு வருடமாக இதைச் சொல்ல வாய் வரவில்லை.

இருபதாவது, கடைசிப் புத்தகம், கிமியேயிடம் இல்லை. அவள் மத்சுயே வரை போய்ப் பழைய புத்தகக் கடையில் தேடி நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் மருத்துவமனைப் பையில் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தை ஓட்டையோடு பார்க்க மனம் இல்லை. வாயு கரைய இரண்டு மூன்று வாரம் ஆகும். பார்வை வந்தால் நானே படித்துவிட்டு உனக்கு அனுப்புகிறேன். வராவிட்டால் நீ வந்து எனக்குப் படித்துக் காட்ட வேண்டும், பேச்சை மட்டும் அல்ல, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரைந்திருக்கிறது என்பதையும்.

அப்பாவுக்கு உப்பிட்ட மீனைக் குறைக்கச் சொல்லி நீயே போனில் அதட்டு, நான் சொன்னால் ஏறாது. நீயும் மாதம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் சட்டத்தைப் பார், பிறகு மறு கண்ணைப் பொத்து. என்னைப்போல் வளைவை ரசித்துக்கொண்டு இருக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல்.

மறக்காதே, கடைசிப் புத்தகத்தை நீ எங்காவது வாங்கிப் படித்து முடித்திருந்தாலும் முடிவை மட்டும் போனில் சொல்லிவிடாதே. நான் பார்க்க வேண்டும்.

உன் அம்மா,
ஹருயோ