மூன்றாவது பந்து

ஜூன் 17, செவ்வாய்

பேர்தான் ஷூ கம்பெனி. ஆனால் கெஸ்ட் ஹவுஸ் ஸ்குவாஷ் கோர்ட்டுக்கு வரும் மேனேஜர்களுக்கு எந்த ஷூ போடுவது என்று தெரியாது. கருப்பு சோலோடு வந்து மரத்தரை முழுக்கக் கோடு இழுத்துவிட்டுப் போகிறார்கள். மண்டி போட்டுத் துடைப்பது நான்.

ஏழு மணிக்கு முதலாளி மகள் அம்பரீன் வந்தாள். துணியை வைத்துவிட்டு ராக்கெட்டை எடுத்தேன். எட்டு மாதமாக இதுவும் என் வேலை. கோச் ஜெயப்பிரகாஷ் சாருக்கு முட்டி வலி, அதனால் அவளுக்குப் பந்து போடுவது நான். ஒன்று, சுவரை ஒட்டி நீளமாக. இரண்டு, அதே மாதிரி. மூன்றாவது மட்டும் மெதுவாக, நடுவில். முதல் இரண்டையும் அவள் பின் மூலைக்கு அடிப்பாள். மூன்றாவதுக்கு ஓர் எட்டு முன்னே வந்து, முன் சுவரில் பட்டும் படாமலும் வைப்பாள். பந்து அங்கேயே செத்து விழும். அதுதான் டிராப். இதையே நூறு தடவை.

இன்று அவள் வைத்த டிராப் ஒன்று கொஞ்சம் எழும்பியது. ஓடி எடுத்துவிட்டேன்.

“நீ எதுக்குமா ஓடற? போடு, நில்லு. அவ்ளோதான் உன் வேலை” என்றார் சார்.

தலையாட்டினேன். என்னால் எடுக்க முடிகிறது சார் — இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும், இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

“மோகனா, மெஷின் மாதிரி போடற நீ! கரெக்டா அதே எடம்!” என்றாள் அம்பரீன். பாராட்டாம்.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் தெரியவில்லை. அக்கா என்று சொல்ல முடியாது, என்னைவிட ஏழு மாதம் சின்னவள். பேர் சொன்னால் சார் முறைப்பார். அதனால் கூப்பிடுவதே இல்லை.

ஜூன் 21

மெஷினா நானு?

ஜூன் 23, திங்கள்

ஐந்தரைக்கே போய்த் துடைத்து முடித்தேன். ஒரு மணி நேரம் கோர்ட் எனக்கு. காலையில் பந்து கல் மாதிரி கிடக்கும், எழும்பவே எழும்பாது. அடித்து அடித்துச் சூடாக்க வேண்டும். பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்டேன். இரண்டு நீளம், ஒன்று மெது, ஓடி வந்து டிராப். பாதிக்குப் பாதி முன் சுவரின் அடியில் இருக்கும் தகரத்தில் பட்டு டங்கென்றது, பட்டால் பாயிண்ட் போச்சு. முழங்காலை மடக்காமல் கையால் மட்டும் வைக்கப் பார்த்தால் தகரம்தான். மடக்கினேன். வரிசையாகப் பதினொன்று விழுந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாட்ச்மேனிடம் போய் நின்று, அதைச் சொல்லாமல் கேட் சாவி கேட்டு வாங்கி வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

வேலூரில் ஜூலை 13 பெண்கள் தேர்வு ஆட்டம். பத்தொன்பது வயதுக்குள். ஜெயிப்பவளுக்குச் சென்னையில் ஒரு மாதம் பயிற்சி முகாம். போர்டில் ஒட்டி நாலு நாள் ஆகிறது. எனக்கு வாய் திறந்து, நானும் ஆடவா என்று சாரிடம் கேட்க நாலு நாள் ஆனது.

“நீ ஸ்டாஃபுமா. ஃபார்ம்ல கிளப் கையெழுத்து வேணும், மெம்பருக்குத்தான் போடுவாங்க. பேஜார் பண்ணாத. போய் பந்த எடுத்துட்டு வா.”

போய் எடுத்துட்டு வந்தேன். எடுத்துட்டு வந்தேனே! அதை நினைச்சாதான் பத்திக்கிட்டு வருது.

அம்மா இதே ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். சாயங்காலம் சொன்னேன்.

“சத்தமா கேட்டியா, வாய்க்குள்ள கேட்டியா?”

தண்ணீர்க் குடத்தை எடுத்து உள்ளே வைத்தேன்.

“அதானே. எங்க லைன்ல உன்ன உட்டா, பாத்ரூம் போக பர்மிஷன் கேக்கறதுக்குள்ள ஷிப்டு முடிஞ்சிடும்.”

ஜூலை 2, புதன்

அந்த ஃபார்மை இன்று ஒரு வரி விடாமல் படித்தேன். ‘கிளப் பெயர், இருந்தால்.’ இருந்தால்! கையெழுத்து கேட்டிருப்பது ஓர் இடத்தில்தான் — பெற்றோர்.

பத்தாவதோடு நின்றவள் படித்துப் பார்க்க மாட்டாள் என்று நினைத்துவிட்டாரா சார்? பதினொன்றாவதுக்கு ரெண்டு பஸ் மாறணும்னு நிறுத்தினாங்க. படிக்கத் தெரியலன்னு யாரும் நிறுத்தல.

அம்மா கையெழுத்துப் போட்டாள். அவள் பேனாவை அழுத்தினதில் பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

குலுக்கலில் முதல் போட்டியே அம்பரீனோடு. பதினொரு பாயிண்டுக்கு மூன்று ஆட்டம், இரண்டு எடுத்தவள் ஜெயிப்பாள். மேலே கேலரியில் சார், அவள் வீட்டார். ஓர் ஓரத்தில் அம்மா.

முதல் ஆட்டம் 3–11. என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. அடித்தேன், ஓடினேன், நன்றாகத்தான் அடித்தேன். அவள் பாட்டுக்கு ஓர் எட்டு முன்னே வந்து டிராப் வைத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. ஒன்று நீளம், இரண்டு நீளம், மூன்றாவது — மெதுவாக, நடுவில். மூணாவது பந்த நானே அவளுக்குப் போட்டுட்டு இருக்கேன்! எட்டு மாசம் போட்டுப் போட்டு என் கை அவ கையாப் போயிடுச்சு.

இரண்டாவது ஆட்டத்தில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு பின் மூலைக்கு அடித்தேன். அவள் திணறிக் குட்டையாகத் திருப்பினாள். முன்னே போய் நான் வைத்தேன் டிராப். 11–9.

மூன்றாவது ஆட்டம், 9–9. களைப்பு. எண்ண மறந்தேன். மெதுவாக, நடுவில். அடுத்ததும் அப்படியே. 9–11.

ஜூலை 14, திங்கள்

எல்லாப் போட்டியும் ஜெயித்து அம்பரீன் அடுத்த மாதம் முகாமுக்குப் போகிறாள். முதலாளி வீட்டிலிருந்து எங்களுக்குப் பிரியாணி, எனக்கு ஒரு சுடிதார் துணி. கொண்டுவந்தது சார்.

“விசுவாசம்னா இதாம்மா. ஒம்போதுக்கு ஒம்போதுல எவ விட்டுக் குடுப்பா? ரெண்டு பந்தையும் தட்டுல வெச்சு நீட்டின மாதிரி குடுத்தியே!”

விட்டுக் குடுத்தேனா? நானா? தோத்ததுக்குக் கூட அழல. இதுக்கு அழுதேன். என் தோல்வி கூட எனக்குச் சொந்தம் இல்லையா?

“குடுத்துட்டியாடி?” என்று அம்மாவும் கேட்டாள். அம்மாவும்! பிரியாணியை அவள் சாப்பிட்டாள். நான் தொடவில்லை. வீடெல்லாம் வாசனை.

ஜூலை 17, வியாழன்

சுடிதார் துணியைச் சாரிடம் திருப்பிக் கொடுத்தேன். “இனிமே துடைக்கிறேன் சார். பந்து போட மாட்டேன். நான் விட்டுக் குடுக்கல. தோத்தேன்.”

சத்தமாகத்தான் வந்தது. கோர்ட்டில் எதிரொலித்து எனக்கே பயமாகிவிட்டது.

“எல்லாம் ஒண்ணுதானேமா” என்று சிரித்தார்.

ஒண்ணா?

அம்பரீன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கட்டினாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஐந்தரைக்கு நான் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்பரீன் தனியாக வந்தாள்.

“நெஜமாவே விட்டியா நீ?”

“இல்ல.”

“அல்லா மேல?”

“எங்க அம்மா மேல.”

“எங்க வீட்ல எல்லாரும் அதத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. அப்போ நான் ஜெயிச்சது இன்னாத்துக்கு?” அவளுக்கும் முகம் சிவந்திருந்தது. கோபம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். “ராக்கெட்ட எடு” என்றாள்.

11–9, 7–11, 11–8. முதலில் எழுதியிருப்பது என்னுடையது. யாரும் பார்க்கவில்லை, அதனால் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

போகும்போது அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு அஞ்சேகாலுக்கு வா” என்றாள்.