அம்மா சிரித்த குற்றம்

1887 மே 3, செவ்வாய்

மழை. நான் நடத்தும் பள்ளிக்கு நான்கு பிள்ளைகளே வந்தார்கள். குடும்ப வரலாறு எழுதுவதாகச் சொல்லிச் சபைப் பதிவேட்டை வாங்கி வந்தேன். தேடிய வரி கிடைத்தது: "சகோதரி டார்க்கஸ் ஸ்டாலார்ட், பிரசங்கத்தின் நடுவே உரக்கச் சிரித்ததற்காகவும், காரணம் சொல்ல மறுத்ததற்காகவும் நீக்கப்பட்டாள்." பிரசங்கித்தவர் அவள் கணவர். நீக்கத்தை அறிவித்தவரும் அவரே. என் தந்தை.

மறு ஆண்டே அம்மா இறந்தாள். நான் அப்போது லெக்சிங்டன் நகரக் கல்லூரியில் இலத்தீன் கற்பித்துக்கொண்டிருந்தேன். இந்த மலைகளில் புதைப்பது உடனே. அடக்கப் பிரசங்கம் பின்னால், உறவெல்லாம் கூடும் ஒரு கோடையில். அம்மாவுக்குப் பிரசங்கம் இல்லாமலே பத்துக் கோடைகள் கடந்துவிட்டன.

மே 4

அம்மாவுக்கு அடக்கப் பிரசங்கம் எப்போது என்று கேட்டேன். "நீக்குனவளுக்கு ஏதுடா பிரசங்கம்? செத்தவ எப்பிடி மனந்திரும்புவா?" என்றார் அப்பா. எனக்குக் கோபம் முற்றினால் குரல் தாழ்ந்துவிடும். ஆகவே என் பதில் அவர் காதில் விழவில்லை.

மே 8, ஞாயிறு

ஐம்பத்து நான்கு வயதில் ஓடையில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றேன். கிருபையை உணர்ந்ததாக நேற்று சபைமுன் சொன்னேன். முழுப் பொய்யன்று, முக்கால்.

"வாத்தியாரே, காலேஜுல இல்லாத பாடம் நம்ம ஓடையில இருக்கு!" என்றார் சபைப் பொறுப்பாளர் டீக்கன் பிளெவின்ஸ். ஓடையில் இருந்தது குளிர்.

காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். மாதக்கூட்டத்தில், "எல்லாரும் சமாதானமா?" என்று கேட்பார்கள். ஓர் உறுப்பினர் "இல்லை" என்றால், அது தீரும்வரை திருவிருந்தும் இல்லை, ஒருவர் காலை மற்றவர் கழுவும் சடங்கும் இல்லை. வெளியாள் சொன்னால் அது வெறும் நாய்க்குரைப்பு. நான் இனி வெளியாள் அல்லன்.

மே 20

நான்கு நாளாய்த் தும்மல். பழிவாங்குவதற்கு நல்ல உடம்பு வேண்டும்.

ஜூன் 4, சனி

நாளை திருவிருந்து. கால் துடைக்கும் துண்டுகளைக்கூட வெளுத்து மடித்தாகிவிட்டது. எல்லாரும் சமாதானமா என்று மாதக்கூட்டத்தில் அப்பா கேட்டார். "இல்லை" என்றேன்.

"நனைஞ்ச தலையே இன்னும் காயல, அதுக்குள்ள முட்டுக்கட்டையா?" என்றார் பிளெவின்ஸ்.

அம்மாவை மீண்டும் சேர்க்க வேண்டும் என்றேன்.

"சேத்துக்குவோம். ஏன் சிரிச்சாங்க? அத மட்டும் சொல்லு" என்றார் பிளெவின்ஸ்.

எனக்குத் தெரியாது. சிசரோவின் இலத்தீனை வரிவரியாய் ஒப்பிப்பவன் அம்மாவின் சிரிப்பைப் படித்ததில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

பிரசங்கத்தைத் தயாரிப்பது இங்கே பாவம். வாயைத் திறந்தால் தேவன் நிரப்புவார். நாற்பது ஆண்டுகளாக அவர் போதித்ததும் அதுவே.

"வாரம் பூரா தொழுவத்துல நின்னு, கோவேறு கழுதைகிட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வருவேன். அன்னிக்கு, 'இந்த வார்த்தை கர்த்தர் இந்த நிமிசம் குடுத்தது'ன்னேன். வெளிய கட்டியிருந்த கழுதை கத்திருச்சு. தொழுவத்துல தெனமும் அந்த எடத்துலதான் கத்தும். பால் கறக்க வர்ற எம் பொஞ்சாதிக்கு அது தெரியும், சிரிச்சுட்டா. என்னையக் காட்டிக்குடுக்காமத்தான் வெளிய போனா. என்னையும் நீக்கிருங்க."

முதலில் பிளெவின்ஸின் மூக்கிலிருந்துதான் ஏதோ வெடித்தது. பிறகு சபை முழுவதும். நான் சிரிக்கவில்லை. அவளைப் பதினொரு ஆண்டுகள் வெளியே நிறுத்திவைத்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உம்ம நீக்குனா நாங்க கழுதையத்தான் மேடையேத்தணும், பெரியவரே" என்றார் பிளெவின்ஸ், கண்ணைத் துடைத்தபடி. எல்லாக் கைகளும் அம்மாவுக்காக உயர்ந்தன.

ஆகஸ்ட் 6

அப்பா என்னைத் தொழுவத்துக்கு அழைத்தார். அம்மாவுக்கான நாளைய பிரசங்கத்தை மூன்று முறை சொல்லிக் காட்டினார். இரண்டு இடங்களில் இழுக்கிறது என்றேன்.

"அதுக்குப் பிடிச்சுதான இருக்கு" என்று கழுதையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்தேன் என்று இதற்குப் பொருளன்று.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

கல்லறையைச் சுற்றி இருநூறு பேர். அப்பா நன்றாகத்தான் தொடங்கினார். மூன்றாம் வாக்கியத்தில் நின்றார். மறந்துவிட்டாரென்று நான் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தேன். கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"டார்க்கஸ்... இப்பச் சிரிடி" என்றார், மண்ணைப் பார்த்து.

நேற்று மூன்று முறையும் அந்த வரி இல்லை.